எஸ்தர் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பல்பு

ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை. காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். வெளியே இருபத்தேழு டிகிரி; நம் ஊர்க் கணக்கில் பூஜ்யத்துக்கும் மூன்று கீழே. விடியுமுன் பெய்து ஓய்ந்த பனி நாலரை அங்குலம். வாசலில் மர ஸ்கேலை ஊன்றி நானே அளந்தேன். காற்று இல்லை. வானம் பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது.

அந்த நேரத்தில் நான் யூதர்களின் பழைய ஜெப ஆலயம் ஒன்றின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது பேர்.

"விரலை மடக்குங்க, சாம்" என்றார் மோரிஸ்.

மோரிஸுக்கு எண்பத்தொரு வயது. அந்த ஆலயத்தைத் திறப்பவரும் பூட்டுபவரும், யார் எந்த ஜெபம் சொல்ல வேண்டும் என்று அழைப்பவரும் அவர்தான். சாம் என்பது நான். சாமுவேல் தங்கராஜ், பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் டேனியின் வீட்டுக்கு, இந்த மான்மவுத் ஜங்ஷனுக்கு, வந்து ஆறு வருடம் நாலு மாதம் ஆகிறது. மோரிஸ் பேசுவது ஆங்கிலம். நான் அதை என் காதில் படிந்த தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒன்பது பேர் போதாது. பத்துப் பேர் கூடினால்தான் அவர்கள் இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லலாம். கடீஷ் என்று அதற்குப் பெயர். நான் கிறிஸ்தவன்; அந்தப் பத்தில் சேரமாட்டேன். அன்றைக்கு அந்த ஜெபம் பாபி அம்மாளின் கணவருக்கு. பத்தாவது ஆளும் பாபி அம்மாள்தான். அவருக்கு வயது எண்பத்து நான்கு. ஆலயத்துக்கு எதிர் வீடு. வருகிற திங்கட்கிழமை அவருக்கு இருதய வால்வு அறுவை சிகிச்சை.

கதவு திறந்தது. முதலில், பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கரின் கால்களில் மாட்டியிருந்த இரண்டு மஞ்சள் டென்னிஸ் பந்துகள், பிறகு பாபி அம்மாள். பனியைத் தட்டிவிட்டு, இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில், பித்தளைப் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார். கணவரின் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்.

எரிந்தது. அதற்குப் பக்கத்துப் பெயரின் விளக்கும் எரிந்தது.

பார்த்த முகம் திரும்பவில்லை. நான் எண்ணினேன், நாற்பது விநாடி இருக்கும். பிறகு அவர் திரும்பாமலே கேட்டார்:

"மோரிஸ், எங்கிட்ட யாராவது ஏதாவது சொல்ல மறந்துட்டீங்களா?"

ஏற்றியவன் நான்

அந்த இரண்டாவது விளக்கை முந்தின நாள் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஏற்றியவன் நான்.

ஏன் ஏற்றினேன் என்று சொல்வதற்கு, நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகர், "நீங்கள் எல்லாவற்றையும் சுற்றிவளைத்துச் சொல்கிறீர்கள்" என்று கடிதம் எழுதியிருக்கிறார். உண்மைதான். நேராகச் சொல்ல எனக்குப் பயம்.

இங்கே எல்லோரும் கார் ஓட்டுவார்கள். நான் ஓட்டமாட்டேன். அதனால் நான் போகக்கூடிய இடம் என்பது நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இடம். வீட்டிலிருந்து ஆயிரத்து முந்நூற்று நாற்பது காலடி வைத்தால் அந்த ஆலயம். வெள்ளைப் பலகைச் சுவர், நீளமான ஆறு ஜன்னல். மேலே கூம்பும் கிடையாது, மணியும் கிடையாது. போன ஜூலையில் அதன் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். மோரிஸ் வெளியே வந்து, "யாரையாவது தேடுறீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப உள்ள வந்து உட்காருங்க. இங்க நிறைய இடம் காலியாத்தான் இருக்கு" என்றார்.

காலியாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு பெஞ்சு, ஒவ்வொன்றிலும் ஆறு பித்தளை எண். நூற்று முப்பத்திரண்டு பேர் உட்காரலாம்.

கட்டியவர்கள் கோழிப்பண்ணைக்காரர்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் தப்பி நியூயார்க்குக்கு வந்து, தையல் கடைகளில் இருமி இருமி, காற்று வேண்டும் என்று இந்தப் பக்கம் நிலம் வாங்கிக் கோழி வளர்த்தவர்கள். வாரத்தில் ஒரு நாள் முட்டை விற்ற காசைத் தனியாக எடுத்துவைத்து இந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள் என்று மோரிஸ் சொன்னார். அவருடைய தாத்தாவும் அதில் ஒருவர். "எங்க தாத்தாவுக்குக் கடவுளை விடக் கோழியைப் பத்தித்தான் கவலை ஜாஸ்தி" என்றார். எனக்கு அந்தத் தாத்தாவை உடனே பிடித்துப்போயிற்று.

கோழிப்பண்ணைகள் போய்விட்டன. அந்த நிலங்களில்தான் இப்போது எங்கள் வீடுகள். எங்கள் தெருவில் இருபத்தேழு வீடு. அதில் பத்தொன்பது வீட்டு வாசலில் செருப்பு கிடக்கும். பண்ணைக்காரர்களின் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய், ஆலயத்தில் மிஞ்சியது பத்துப் பேர். சரியாகப் பத்து. ஒருவருக்குச் சளி பிடித்தாலும் ஜெபம் நின்றுவிடும்.

ஆதியில் ஆண்களை மட்டும்தான் அந்தப் பத்தில் சேர்த்தார்களாம். பல வருடம் முன்பு ஒரு மழை நாளில் ஒன்பது ஆண்களும் பாபி அம்மாளும் மட்டும் வந்திருந்தார்கள். "நான் என்ன, நாற்காலியா?" என்று கேட்டாராம். ஒரு மணி நேரம் சண்டை. இரண்டு பேர் ஆலயத்தை விட்டே போய்விட்டார்கள். அங்கே எண்ணப்பட்ட முதல் பெண் அவர்தான்.

இருநூற்றுப் பதினாலு பெயர்

சும்மா உட்கார எனக்குத் தெரியாது. மோரிஸிடம் வேலை கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார்.

சுவரில் மூன்று பெரிய பலகை. ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பித்தளைத் தகடு. தகட்டில் இறந்தவரின் பெயர், இறந்த தேதி. பக்கத்தில் சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு பல்பு. அந்த ஆளின் நினைவு நாள் வருகிற வாரத்தில் அந்த பல்பை அரைச் சுற்று திருகினால் எரியும். வாரம் முடிந்ததும் திருப்பித் திருகி அணைத்துவிட வேண்டும். தேதி அவர்கள் பஞ்சாங்கப்படி. நம் ஊரில் திதி பார்ப்பது போலச் சந்திரக் கணக்கு.

மோரிஸுக்குக் கண் மங்கல். தவறான பல்பைத் திருகிவிடுவார். எனக்கோ இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை. ஒரு நீளமான நோட்டு வாங்கித் தமிழில் பதிவேடு எழுதினேன். மொத்தம் இருநூற்றுப் பதினாலு தகடு. இருநூற்று ஒன்பதில் தேதி இருந்தது. ஐந்தில் இல்லை. அந்த ஐந்துக்கும் நேராக, "தேதி விடுபட்டுள்ளது" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

யாரிடமும் கேட்கவில்லை. என் தவறு அங்கேதான் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன் அந்த வாரத்து விளக்குகளை ஏற்றிவிட வேண்டும். மறைந்த பிறகு ஓய்வுநாள். மறுநாள் இருட்டும் வரை அவர்கள் எந்த விளக்கையும் ஏற்றவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அடுத்தவரிடம் செய் என்று சொல்லவும் கூடாது. ஜாடையாகச் சொல்லலாம். முதல் முறை மோரிஸ் என்னைப் பார்த்து, "இங்க ரொம்பக் குளிருதுல்ல?" என்றார். "ஆமா சார், ரொம்பக் குளிருது" என்று ஒத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். ஹீட்டரைக் கூட்டச் சொல்கிறார் என்று புரிய எனக்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை என் பதிவேட்டில் ஒரே ஒரு பெயர். லியோனார்ட். திருகினேன், எரிந்தது. அவருக்குப் பக்கத்திலேயே, அதே குடும்பப் பெயருடன், எஸ்தர் ரெபேக்கா என்று ஒரு தகடு. தேதி இல்லாத ஐந்தில் ஒன்று.

மனைவியாகத்தான் இருக்க வேண்டும். தேதி தெரியாததால் இந்த அம்மாளுக்கு இத்தனை வருடமாக ஒருவரும் விளக்கு ஏற்றவில்லை. புருஷனுடைய நாளிலாவது கூடச் சேர்ந்து எரியட்டுமே என்று நினைத்தேன். என் தங்கை பெயரும் எஸ்தர்தான். அரைச் சுற்று திருகினேன்.

உயிரோடு இருக்கிறவர்கள் முன்கூட்டியே தங்களுக்குத் தகடு செய்து சுவரில் மாட்டி வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில், இருக்கிறவர் பெயரை இறந்தவர்கள் வரிசையில் யாராவது எழுதினால் கைகலப்பே நடக்கும்.

பாபி என்பது செல்லப் பெயர் என்றும் தெரியாது. அவர் "லென்னி, லென்னி" என்று சொல்லுகிற கணவர்தான் அந்த லியோனார்ட் என்றும் தெரியாது. ஆறு மாதம் பழகியும் அவருடைய குடும்பப் பெயரை நான் கேட்டதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் அடுத்தவரிடம் கேட்கவும் தோன்றுவதில்லை.

ஏழு பிள்ளைகள்

மோரிஸ் ஏன் என் விரலை மடக்கச் சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மனிதர்களை எண்ணமாட்டார்கள். பத்துப் பேர் இருக்கிறார்களா என்று பார்த்துத்தானே ஆக வேண்டும்? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போவார் மோரிஸ். எண்ணினால் கண் பட்டுவிடும் என்று பயம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வாத்தியார்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை போடுவார்கள் அல்லவா? எனக்கு மூன்று முறை போட்டார்கள். முதல் முறை, தாமிரபரணிக் கரையோரத் தெரு ஒன்றில், ஒரு தாய் ஐந்து பிள்ளைகள் என்றாள். உள்ளே ஏழு தலை தெரிந்தது. "அஞ்சுன்னே எழுதிக்கிடுங்க சார். முழுசாச் சொன்னா வெளங்காது" என்றாள். நான் இளைஞன். சர்க்கார் பாரத்தில் பொய் எழுதமாட்டேன் என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளையாக வாசலில் வரிசையில் நிறுத்தி, விரல் நீட்டி எண்ணினேன். ஏழு.

அடுத்த மாதம் அந்தத் தெருவில் மஞ்சள் காமாலை. தண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்ததுதான் காரணம். எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒரு பிள்ளை போயிற்று. சில நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அந்தத் தாயைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

கை பல்பின் மேல்

சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

பாபி அம்மாள் கேட்டதும் மோரிஸ் பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், இருப்பது ஒன்பது பேர். கணவருக்கு ஜெபம் கிடையாது. திங்கட்கிழமை அவர் திரும்பி வராமல் போனால், அந்த ஜெபம் எப்போதுமே கிடையாது. எல்லாவற்றுக்கும் காரணம் நான்.

மோரிஸ் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பக்கம் இன்னைக்கு வெளிச்சம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

ஜாடை எனக்குப் புரிந்தது. எழுந்தேன். பலகைக்குப் பதினான்கு காலடி. கையைத் தூக்கினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பல்பைத் தொட்டன. சூடாக இருந்தது.

திருக முடியவில்லை.

அது எரிந்தால், இந்த அம்மாள் இறந்துவிட்டார் என்று அர்த்தம். சரி. அணைத்தால்? உயிரோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற விளக்கை, அவள் கண் முன்னாலேயே, ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அணைத்தால், அதற்கு என்ன அர்த்தம்? வீட்டில் கிரேஸ் விளக்கை அணை என்று சொல்லக்கூட விடமாட்டாள். அமர்த்து என்றுதான் சொல்ல வேண்டும். கிரேஸ் என் மனைவி.

என் கை அப்படியே நின்றது.

"அவரை உட்காரச் சொல்லுங்க, மோரிஸ்" என்றார் பாபி அம்மாள். பிறகு என்னிடமே, "தொடாதீங்க. எரிய வச்சதே போதும், இப்ப அணைக்க வேற போறீங்களா?"

"மேடம், எனக்குத் தெரியாது. நான் வந்து…"

"தெரியுது, தெரியுது. செத்தவங்க யாருக்கோ நல்லது செய்யப் பாத்திருக்கீங்க." அவர் மறுபடி அண்ணாந்து பார்த்தார். "இது எரிஞ்சா எப்படி இருக்கும்னு நான் பாக்க முடியாதேன்னு நினைச்சிருக்கேன். இவ்வளவு மங்கலாவா இருக்கும்? லென்னியோடது பரவாயில்ல."

மோரிஸ் இருமினார். அது சிரிப்பு என்று பிறகு தெரிந்தது.

பாபி அம்மாள் இடது தோளைத் தாண்டி மூன்று முறை, தூ தூ தூ என்று துப்புகிற மாதிரி செய்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைக்குக் கண் பட்டால் கிரேஸ் செய்வதும் அதேதான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார். "நான் திரும்பி வந்து என் கையால அணைப்பேன். அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. ஓய்வுநாள் முடிஞ்சப்புறமும். மோரிஸ், எண்ணு."

"ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்று ஆரம்பித்தார் மோரிஸ். "பத்து இல்ல" என்று முடித்தார். பாபி அம்மாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று, கணவருக்கான ஜெபத்தைச் சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. மற்ற ஒன்பது பேரும் ஆமென் சொல்லும் இடங்களில் நானும் சொன்னேன். ஆமென் எங்களுக்கும் ஆமென்தான்.

ஆயிரம் மணி நேரமா, ஐந்நூறா

திங்கட்கிழமை அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரம். நல்லபடி முடிந்தது என்று மோரிஸ் போன் செய்தார். அன்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது.

அந்த பல்பு எத்தனை நாள் தாங்கும்?

ஒவ்வொரு பல்பும் வருடத்தில் ஒரு வாரம் எரிவதற்காக வைத்தது. அது எந்தக் காலத்துப் பல்பு என்று யாருக்கும் தெரியாது. அவர் வருவதற்குள் அது தானாகவே போய்விட்டால்?

சாவி என்னிடம் ஒன்று இருந்தது. தினமும் பத்து மணிக்குப் போனேன். பனியில் காலடி சுருங்கி ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. கதவைத் திறந்ததும் பழைய புத்தக வாசனையும் மர எண்ணெய் வாசனையும் வரும். இருட்டில் அந்த ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்த பிறகுதான் மூச்சை விடுவேன். லென்னியின் வாரம் முடிந்து அவர் விளக்கை நான் அமர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு எஸ்தர் மட்டும் தனியாக எரிந்தார்.

மோரிஸ் ஒரு சுருட்டுப் பெட்டியைக் காட்டினார். அதில் பதினொரு பழைய பல்பு. "போனா மாத்திக்கலாம், சாம்" என்றார்.

"தொடக்கூடாதுன்னு அவங்க சொன்னாங்களே, சார்."

"அவ எத்தனையோ சொல்லுவா."

அதற்கிடையில் ஒரு நாள், தேதி இல்லாத மற்ற நாலு தகட்டைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அப்போதாவது கேட்டேனே. இரண்டு பேர் ஃபுளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். மீதி இரண்டும் அவருடைய பாட்டியின் தங்கைகள். போலந்தை விட்டு வராமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள். "அவங்களை எந்தத் தேதியில கொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது. வருஷத்துல ஒரு நாளைப் பொதுவா வச்சு ஏத்துறோம்" என்றார். அந்த இரண்டு பெயருக்கு நேராகவும் நான் சிவப்பு மையில், ஏதோ குமாஸ்தா விட்டுவிட்ட மாதிரி எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்த வரிகளை அடித்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் பல்பு கண் சிமிட்டியது.

ஒரு முறை. நின்றது. பிறகு இரண்டு முறை. திருகு தளர்ந்திருக்கலாம். லேசாக இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் தொடக்கூடாது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் அதையே பார்த்தேன். பதினேழு முறை சிமிட்டியது. பிறகு நிதானமாக எரிந்தது.

அன்று பிற்பகல் மோரிஸ் போன் செய்தார். பாபி அம்மாளுக்கு நுரையீரலில் கிருமி. காய்ச்சல் நூற்று மூன்று. மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவு.

டேனி ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"அப்பா, லூஸ் கான்டாக்ட்பா அது. ஹாஸ்பிடலுக்கும் அந்த பல்புக்கும் வயர் ஒண்ணும் போகல. நீங்க ஓவரா திங்க் பண்றீங்க" என்றான்.

"எனக்கும் தெரியும்லே. நான் கணக்கு வாத்தியார்."

கிரேஸ் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த ஆலயத்தின் மேல் ஏற்கெனவே ஒரு வருத்தம் உண்டு. அவள் செய்து கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்தை, வெளிச் சமையல் உள்ளே வரக்கூடாது என்ற சட்டத்தால் மோரிஸ் வாசலிலேயே நின்று தின்றார். பதினாறில் ஆறு.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடாதிய" என்றாள் திரும்பாமலே. "அந்த அம்மா பொழைக்கணும்னு நெனைக்கியளா, இல்ல உங்க மேல பழி வந்திரக்கூடாதுன்னு நெனைக்கியளா?"

"ரெண்டும்தான்."

"எது எம்புட்டு?"

எல்லாவற்றையும் எண்ணுகிறவனிடம் கேட்கத்தக்க கேள்விதான். அன்று குடும்ப ஜெபத்தில் கிரேஸ், "எஸ்தரம்மாளுக்கு" என்று பெயர் சொல்லி ஜெபித்தாள். நான் பத்து நாளாகப் பல்புக்காகத்தான் ஜெபித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமையும் ஒன்பது பேர். "ஒன்பது இல்ல" என்று சொல்லி மோரிஸ் நின்றுவிட்டார். கடீஷ் கிடையாது. வேதம் எழுதிய தோல் சுருளை வெளியே எடுத்து வாசிப்பதும் கிடையாது. மீதி ஜெபங்களைச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். எதிர் வீட்டில் ஜன்னல் திரை மூடியிருந்தது. நான் விரலை மடக்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்று தமிழில் முணுமுணுத்துப் பார்த்தேன். அன்று எனக்கு அது தந்திரமாகத் தோன்றவில்லை.

ஞாயிறு, பதினொரு மணி

காய்ச்சல் தணிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பாபி அம்மாள் வந்தது பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சர்ச்சுக்குப் போகாமல் நான் காத்திருந்தேன். கிரேஸும் வந்திருந்தாள். "அவிய மொகத்த நானும் பாக்கணும்லா" என்றாள்.

மோரிஸின் காரிலிருந்து முதலில் டென்னிஸ் பந்துகள் இறங்கின. பாதியாக இளைத்திருந்தார். கோட்டு அவர் மேல் தொங்கியது. கதவிலிருந்து பலகைக்கு அவர் வைத்த அடிகளை எண்ணத் தொடங்கினேன். நாலில் நிறுத்திக்கொண்டேன்.

அண்ணாந்து பார்த்தார். "இன்னும் எரியுது. என்னை விட பிடிவாதம்."

கையைத் தூக்கினார். எட்டவில்லை. மோரிஸ் அவருடைய முழங்கையைத் தாங்கினார். விரல் பட்டதும் இழுத்துக்கொண்டார். "சுடுது." கிரேஸ் புடவைத் தலைப்பின் நுனியை நீட்டினாள். பாபி அம்மாள் அதைப் பிடித்து பல்பைச் சுற்றி, அரைச் சுற்று திருகினார்.

அணைந்தது. அந்த இடத்தில் இருநூற்றுப் பதினாலில் ஒன்றாக ஒரு தகடு இருந்தது, அவ்வளவுதான்.

கிரேஸ் தோளுக்கு மேல் தூ தூ தூ என்றாள். பாபி அம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க யாரு? இவங்களை ஏன் இதுவரைக்கும் கூட்டிட்டு வரல?" என்றார்.

மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் பதிவேட்டைக் கேட்டார். எஸ்தர் ரெபேக்கா வரியில் விரலை வைத்து, "இந்தச் சிவப்புல என்ன எழுதியிருக்கு?" என்றார். சொன்னேன். "அடிங்க அதை" என்றார். அடித்தேன். பக்கத்தில் நீல மையில் ஒரு சொல் எழுதினேன்.

"இது என்ன?"

"இருக்கிறார்னு எழுதியிருக்கேன், மேடம்."

அவர் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"சரி. இத்தனை நாள் கரண்ட் பில் யாரு கட்டுறது?"

மோரிஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கை நான் முந்தின நாளே போட்டு வைத்திருந்தேன். ஆறு வாட் பல்பு. இருபத்திரண்டு நாள், பத்தொன்பதரை மணி நேரம். யூனிட்டுக்குப் பதினெட்டு சென்ட்.

"ஐம்பத்தொன்பது புள்ளி ஒண்ணு மூணு சென்ட், மேடம்."

"புள்ளி ஒண்ணு மூணை விட்டுடறேன்" என்று கையை நீட்டினார்.

பையில் சில்லறை தேடினேன். இருபத்தைந்து சென்ட் குவார்ட்டர் இரண்டு, ஐந்து சென்ட் நிக்கல் ஒன்று, ஒரு சென்ட் பென்னி நாலு. அவர் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தேன். வாசல் பக்கத்தில் இருக்கிற நீலத் தகர உண்டியலுக்கு அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகப் போட்டார். ஏழு சத்தம் கேட்டது.

மொத்தம் ஐம்பத்தொன்பது சென்ட்.